மயிலையில் தொடங்கி மெரினாவில் முடியும் ஒரு மாலை: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டு இறுதி நெருங்கிவிட்டது, மலேசியாவிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டவர்களின் கேள்விகளே குவிந்து கிடக்கின்றன. விசா, தங்கும் விடுதி, தங்கம் எவ்வளவு கொண்டு வரலாம் போன்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். இந்த முறை ஒரே விஷயம்தான். கையில் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது, காடி (கார்) வேண்டாம், ஊரை நடந்தே பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

கே: மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னை போகிறோம். எல்லா நாளும் தி.நகர்தான். கடைசி நாள் மட்டும் மதியத்தோடு வேலை முடிந்துவிடும், விமானம் நள்ளிரவில். "அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கடை பார்க்கலாமே" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்குக் கொஞ்சம் ஊரைப் பார்க்க ஆசை. எங்கே நடக்கலாம்?
– செந்தூல் வாசகி

ப: சகோதரி, அவரை ஏதாவது ஒரு துணிக்கடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பினாலும் தப்பில்லை, ஆனால் இருவருமாகப் போனால் இன்னும் நன்றாக இருக்கும். சென்னைக்குப் பலமுறை போய் வந்த நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்: விமான நிலையம், விடுதி, துணிக்கடை, நகைக்கடை, மறுபடி விமான நிலையம். இடையில் இருக்கும் ஊரைக் காடிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

முதலில் நேரக் கணக்கு. நள்ளிரவு விமானம் என்றால் ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும், மாலை நெரிசலை நம்பவே முடியாது. பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு நான்கு மணிக்கு மயிலாப்பூரில் இருங்கள், ஏழு மணிக்கு மெரினாவில் நடையை முடித்துக்கொண்டு ஒரு வண்டி பிடித்துத் தி.நகர் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்திலிருந்து மெரினா காந்தி சிலை வரை மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான் வரும். நின்று நின்று பார்த்தாலும் மூன்று மணி நேரம் தாராளம்.

நான்கு மணி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கபாலீஸ்வரர் கோயிலில் மதியம் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணிவாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். திறந்த உடனே போனால் கூட்டம் சேர்வதற்குள் நின்று கும்பிடலாம். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற பெரிய ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது, 37 மீட்டர் உயரம், 1906-இல் கட்டி முடித்தது. ஆனால் மூலவர் பார்ப்பது மேற்கே, குளத்துப் பக்கம். அதனால் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேற்கு வாசல் வழியாகவே உள்ளே போங்கள். உள்ளே புன்னை மரத்தடியில் ஒரு சின்ன சந்நிதி, அம்பாள் மயிலாக வந்து சிவலிங்கத்தைப் பூசித்த கதை அங்கே சிற்பமாக இருக்கிறது, ஊருக்குப் பெயர் கொடுத்த கதையும் அதுதான். பலர் பிரகாரம் சுற்றும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தக் கோயிலுக்குப் பாடிய பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லும்போது தைப்பூசத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். வருடா வருடம் தைப்பூசத்துக்கு நம் பத்துமலை முருகன் கோயில் படி ஏறுகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் கூடுதலாகவே நிற்கலாம்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் மாட வீதிகளில் அவசரப்படாதீர்கள், இந்த நடையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கிறவர்கள், வடக்கு மாட வீதியில் நவராத்திரி சமயம் என்றால் கொலு பொம்மைகள், மற்ற நாளில் பாத்திரக் கடை, பூஜைச் சாமான் கடை, நகைக்கடை. பூக்காரம்மா முழம் போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நடுவிரல் நுனியில் சரத்தைப் பிடித்து முழங்கை வரை இழுத்து, அங்கே ஒரு மடிப்பு, மறுபடி விரல் நுனி, பேச்சை நிறுத்தாமலேயே மூன்று முழம் அளந்து வாழை இலையில் சுருட்டி நாரால் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிடுவார். அவருடைய கை குட்டையா நீளமா என்பதைப் பொறுத்து உங்களுக்கு லாபமோ நஷ்டமோ. கேட்டால் "என் கையை நானா செஞ்சேன்" என்பார்.

அப்புறம் கச்சேரி சாலை வழியாகக் கிழக்கே, கடலைப் பார்த்து நடக்க வேண்டும். இந்தச் சாலையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். நடைபாதை பாதி இடத்தில் இல்லை, இருக்கும் இடத்தில் பைக் நிற்கும். போதாக்குறைக்கு அந்தப் பகுதி முழுக்க மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது, தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டி வரலாம். வெறுத்துப் போனால் இந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் ஆட்டோவில் கடந்துவிடுங்கள், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

சாலை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று சாந்தோம் பேராலயம். இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறை மேல் எழுந்த ஆலயம் என்பது நம்பிக்கை. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டியதை எடுத்துவிட்டு ஆங்கிலேயர் காலத்தில் கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார்கள், நாம் பார்ப்பது 1896-இல் திறந்த கட்டடம். கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது, அதற்குத் தனி வழி உண்டு, கேட்டால் காட்டுவார்கள். ஆலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு கம்பம் நிற்கிறது, தோமையார் நட்டது, கடல் அதைத் தாண்டாது என்று உள்ளூரில் சொல்வார்கள், 2004 சுனாமிக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிப்போனது.

இங்கே ஒரு விஷயம். இப்போதுள்ள கபாலீஸ்வரர் கோயில் பழைய இடத்தில் இல்லை, பழைய கோயில் கடற்கரையில், இந்தச் சாந்தோம் பக்கத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்து பிறகு உள்ளே தள்ளிக் கட்டினார்கள் என்பதே வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது. அதாவது நீங்கள் குளத்திலிருந்து கடலுக்கு நடக்கும் வழி, கோயில் இடம் மாறி வந்த வழியைத் திருப்பி நடப்பதுதான். இது தெரிந்து நடந்தால் கச்சேரி சாலையின் தூசிகூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அங்கிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் போனால் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம், அங்கிருந்து மெரினா நடைபாதை. வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் சாலைக்கு அப்பால் பழைய கட்டடங்கள். காந்தி சிலைப் பக்கம் வரும்போது மணி ஏழு ஆகியிருக்கும், போதும், வண்டியைக் கூப்பிடுங்கள். விமானம் மறுநாள் என்றால் மட்டும் மேலே உழைப்பாளர் சிலை வரை போகலாம்.

கே: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. மெரினாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார். முடியுமா?
– பூச்சோங் வாசகர்

ப: முடியும், ஆனால் அம்மாவை மணலில் நடக்க வைக்காதீர்கள். மெரினாவின் மணல் நம் போர்ட் டிக்சன் கடற்கரை மாதிரி நான்கு எட்டில் முடிவதில்லை, சாலையிலிருந்து அலை வரைக்கும் பல நூறு மீட்டர் இருக்கும், கால் புதையும், நல்ல முட்டிக்காரர்களே பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். அந்த மணல் வெளி எப்போதும் அப்படி இருந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டு, துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்துகொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் அதற்கு நேர்மாறு, கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. நாம் உட்கார்ந்து சுண்டல் தின்னும் மணல் அந்தப் பக்கத்துக் குப்பத்து மக்களுக்குப் போக வேண்டிய மணல் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத் திறனாளிகளுக்காக மணல் மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 2022 நவம்பரில் திறந்தது, அடுத்த மாதமே புயலில் சேதமாகிச் சரி செய்தார்கள். சக்கர நாற்காலியும் போகும், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தும் போகலாம், கடல் அருகே வரை கொண்டுபோய் விடும். ஆட்டோவில் நேராக அங்கேயே இறங்குங்கள். எதிரே உள்ள விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்து, இதென்ன வளைவாக ஒரு வீடு என்று அம்மா கேட்பார். 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டியது அது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி கொண்டுவந்து சேமித்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள், அதனால் அந்தப் பகுதிக்கே இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1897-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் சில நாள் இங்கே தங்கினார்.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, மேலே போய்க் கடலையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கலாம், முட்டி வலிக்காரர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் மாலை ஐந்தரைக்கெல்லாம் மூடிவிடுவது வழக்கம், திங்கட்கிழமை விடுமுறை, வாசலிலேயே மெட்ரோ வேலையும் நடக்கிறது. அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கே: மெரினாவில் சூரியன் மறைவதைப் படம் எடுக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? குளிக்கலாமா?
– கிள்ளான் வாசகர்

ப: தம்பி, மெரினா கிழக்குக் கரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அப்பால் மறையும். கடலில் சூரியன் வேண்டும் என்றால் விடியற்காலை எழுந்து போக வேண்டும், எழுந்திருப்பீர்களா என்பது உங்களுக்கே வெளிச்சம். மாலையில் நல்ல படம் வேண்டும் என்றால் பௌர்ணமி அன்று போங்கள். இந்தப் பக்கம் சூரியன் இறங்க இறங்க அந்தப் பக்கம் கடலிலிருந்து நிலா எழும்பும், முதலில் மங்கலான செம்பு நிறத்தில், கொஞ்சம் மேலே வந்ததும் தண்ணீரில் நீளமாக ஒரு கோடு போடும். பயண நாளை முடிவு செய்யுமுன் காலண்டரைப் பாருங்கள்.

நேரத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இங்கே வருடம் முழுக்க ஏழு, ஏழரைக்குத்தான் இருட்டுகிறது, அந்தப் பழக்கத்தில் "ஆறரைக்குக் கிளம்பலாம்" என்போம். சென்னையில் நவம்பர், டிசம்பரில் ஐந்தே முக்கால்வாக்கில் சூரியன் போய்விடும், ஜூன், ஜூலையில் ஆறரை தாண்டும். கூடவே இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு ஒன்பது மணி ஆகும்போது உங்கள் உடம்பு பதினொன்றரை என்று கணக்குப் போடும், போய் இறங்கிய முதல் நாள் மாலையில் நீண்ட நடை வைத்தால் கொட்டாவிதான் மிச்சம்.

குளிக்க வேண்டாம். கணுக்கால் நனைத்தால் போதும். அந்தக் கரையில் அலையின் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தவர்களே ஒவ்வொரு வருடமும் உயிர் விடுகிறார்கள், போலீஸ் விசில் ஊதினால் வாதாடாமல் மேலே வந்துவிடுங்கள்.

கே: மெரினாவில் வரிசையாகச் சிலைகள் இருக்கின்றனவே, பிள்ளைகளுக்கு அவற்றைப் பற்றி என்ன சொல்லிக் கொடுப்பது?
– காஜாங் தமிழாசிரியை

ப: டீச்சர், இந்தக் கேள்விக்கு நம் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும். உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலில் நடந்தது கோலாலம்பூரில், 1966 ஏப்ரலில். அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள் அதற்கு முன்னின்று உழைத்தார். இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது. அந்த மாநாட்டை ஒட்டித்தான் மெரினாவில் பத்துச் சிலைகள் வைத்தார்கள்: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. நம் கோலாலம்பூர் தொடங்கி வைத்த வேலையின் அடுத்த படி அந்தக் கடற்கரையில் கல்லிலும் உலோகத்திலும் நிற்கிறது என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம். அதன் பிறகு 1987-இலும் 2015-இலும் மாநாடு மறுபடி கோலாலம்பூருக்கு வந்தது.

பிள்ளைகளிடம் வெறும் பெயரைச் சொல்லாதீர்கள், தேடச் சொல்லுங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் ஐரோப்பியர்கள், ஒருவர் இத்தாலியில் பிறந்தவர், யார் என்று கண்டுபிடி என்றால் அவர்களாகவே ஓடிப் பீடத்தில் உள்ளதைப் படிப்பார்கள். (வீரமாமுனிவர்தான் அந்த இத்தாலியர், பதிலை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.) கண்ணகி சிலைக்குத் தனிக் கதை உண்டு. 2001 டிசம்பரில் அதை அங்கிருந்து எடுத்தார்கள், பெரிய அரசியல் சண்டையாகி, ஆட்சி மாறியதும் 2006 ஜூனில் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். கையில் சிலம்போடு நீதி கேட்டவளையே இடம் மாற்றிப் பார்த்த ஊர்.

காந்தி சிலையும் உழைப்பாளர் சிலையும் இந்தப் பத்தில் சேராது, அவை முந்தியவை, இரண்டையும் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. உழைப்பாளர் சிலையை மட்டும் எதிரே நின்று பார்த்துவிட்டு நகராமல் சுற்றிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். முன்னால் இருந்து பார்த்தால் பாறைதான் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் போனால் புடைத்த முதுகும் மடங்கிய முழங்காலும் கடப்பாரையில் ஏறிய உடம்புப் பாரமும் தெரியும். தோட்டத்திலும் ரயில் பாதையிலும் உழைத்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம், இந்தச் சிலை முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது நியாயம்தான்.

கே: சென்னைப் பல்கலைக்கழகக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தால் நம் கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்கா (சுதந்திரச் சதுக்கம்) எதிரே உள்ள கட்டடம் நினைவுக்கு வருகிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

ப: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயக் கட்டடக்காரர்கள் முகலாயக் குவிமாடம், வளைவு, மாடம் எல்லாவற்றையும் எடுத்துத் தங்கள் பாணியோடு கலந்து கட்டியதை இந்தோ-சாரசெனிக் என்பார்கள். அதன் ஆரம்பமே மெரினாப் பக்கம்தான் என்று சொல்கிறவர்கள் ஆற்காட்டு நவாபுக்காக 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையைக் காட்டுவார்கள். 2012-இல் அதன் ஒரு பகுதி தீயில் எரிந்து, பிறகு புதுப்பித்தார்கள். நீங்கள் படத்தில் பார்த்த செனட் ஹவுஸ் 1879-இல் முடிந்தது, ராபர்ட் சிஷோம் கட்டியது.

டத்தாரான் எதிரே உள்ள நம் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897-இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் ஏ.சி.நார்மன் முதலில் போட்ட வரைபடம் வேறு மாதிரி இருந்தது, இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஸ்பூனர் என்ற பொறியாளர்தான் இந்தப் பாணிக்கு மாற்றச் சொன்னார். இங்கே முஸ்லிம்கள் அதிகம், அதனால் இதுதான் பொருத்தம் என்று அவர்களாக ஒரு கணக்குப் போட்டார்கள். மலாய்க் கட்டடக்கலைக்கும் முகலாயக் குவிமாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய ஜாமெக் பள்ளிவாசலும் (1909) பழைய ரயில் நிலையமும் (1910) அதே வழியில்தான் போயின. செனட் ஹவுஸ் முன்னால் மாலை விளக்கு போடும் நேரத்தில் நின்றால், எல்.ஆர்.டி. ரயிலை விட்டு இறங்கி மஸ்ஜித் ஜாமெக்கில் நிற்கிற மாதிரிதான் இருக்கும், காற்றில் உப்பு வாடை வரும் வரைக்கும்.

கே: வழியில் என்ன சாப்பிடலாம்? வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்!
– ரவாங் வாசகி

ப: மயிலாப்பூரிலேயே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள், மெரினாவை நம்பிப் போகாதீர்கள். மாட வீதியைச் சுற்றி நல்ல டிகிரி காபி கிடைக்கும், டபரா டம்ளரில், நம் தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கோப்பையில் கால்வாசி அளவுதான் இருக்கும், இரண்டாவது கேட்பதில் வெட்கம் வேண்டாம். காளத்தி கடை ரோஸ் மில்க் பல தலைமுறையாகப் பேர் போனது, சிலருக்குத் தித்திப்பு திகட்டும், இருவருக்கு ஒன்று வாங்குங்கள். மாலையில் பஜ்ஜி, போண்டா போடும் சின்னக் கடைகள் தெருவுக்கு ஒன்று, எண்ணெயிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுப்பதை மட்டும் வாங்குங்கள், தட்டில் அடுக்கி வைத்ததை விட்டுவிடுங்கள்.

கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், சுட்ட சோளம், மிளகாய் பஜ்ஜி. சுண்டல் சாப்பிடாமல் மெரினா போனதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் சாப்பிடுங்கள், ஆனால் வெட்டிப் பரப்பி வைத்த மாங்காய்த் துண்டுக்கு என் ஓட்டு கிடையாது. சோளம் நெருப்பில் வாட்டியது, எலுமிச்சையில் மிளகாய்ப் பொடி தொட்டுத் தேய்த்துத் தருவார்கள், அதில் பயமில்லை. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

காசு விஷயம்: சுண்டல் விற்கிறவர்கூட இப்போது க்யூஆர் கோடு வைத்திருக்கிறார், ஆனால் அது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு. நம் கைபேசியை நம்பிப் போகாதீர்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறு ரூபாயை நீட்டினால் சில்லறைக்காக நான்கு கடை ஏற வேண்டியிருக்கும்.

கே: நானும் தங்கையும் மட்டும் போகிறோம். இருட்டிய பிறகு நடக்கலாமா?
– சுபாங் ஜெயா வாசகி

ப: மாட வீதிகளிலும் மெரினா நடைபாதையிலும் எட்டு, எட்டரை வரைக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருப்பார்கள், பெண்கள் மட்டுமாக வருகிறவர்களும் நிறைய. விளக்கு இல்லாத மணல் பகுதிக்கு, அலையை ஒட்டி, இருட்டிய பிறகு போகாதீர்கள். கச்சேரி சாலையை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள், அங்கே பயம் ஆட்களால் என்பதைவிட உடைந்த நடைபாதையால்தான். பத்து மணிவாக்கில் கடற்கரையிலிருந்து எல்லாரையும் போலீஸ் கிளப்பிவிடும். அவசர உதவிக்கு 112. நகையைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னால் கோபப்படாதீர்கள், கல்யாணத்துக்கு வாங்கிய சங்கிலியை அன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும் என்று என்ன அவசரம்?

கே: வாயைத் திறந்தாலே "மலேசியாவா?" என்று கேட்டு ஆட்டோக்காரர்கள் விலை ஏற்றுகிறார்கள். என்ன செய்வது?
– கெப்போங் வாசகர்

ப: வாயைத் திறக்காதீர்கள், செயலியில் கூப்பிடுங்கள். அங்கே கிராப் கிடையாது. ஊபர் உண்டு, இங்கே அது 2018-இல் கடையைக் கட்டியதால் பலர் கைபேசியில் இருக்காது, கிளம்புமுன் கோலாலம்பூரிலேயே இறக்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். தெருவில் நிறுத்திப் பிடித்தால் ஏறுமுன் பேசி முடிக்க வேண்டும், பேசி முடித்ததற்கு மேல் இறங்கும்போது கேட்டால் சிரித்துக்கொண்டே பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். "அண்ணே" என்று கூப்பிட்டால் பாதிச் சண்டை குறையும்.

நடந்து முடித்த பிறகு மயிலாப்பூருக்கே திரும்ப வேண்டும் என்றால் இன்னும் மலிவான வழி பறக்கும் ரயில். உழைப்பாளர் சிலைப் பக்கம் முடித்தவர்கள் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி நிலையத்தில் ஏறித் திருமயிலையில் இறங்கலாம், டிக்கெட் விலை நம் காசுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட வராது. நிலையங்கள் பெரிசு, கூட்டம் குறைவு, பராமரிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். ரொம்ப நேரமாகிவிட்டால் வண்டியிலேயே போங்கள்.

கே: நவம்பர் கடைசியில் போகிறோம். மழை என்கிறார்களே, நடைத் திட்டத்தை விட்டுவிடலாமா?
– செராஸ் வாசகர்

ப: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, அதில் நவம்பர்தான் அதிகம். நம் ஊர் மழை மாதிரி மாலை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்வதில்லை, தாழ்வு மண்டலம் ஒன்று வந்தால் இரண்டு நாள் விடாமல் அடிக்கும், கடற்கரைக்கே விட மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் நடையை விட்டுவிடுங்கள். மற்ற நாளில் காலையிலேயே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, தேங்கிய தண்ணீரில் கழற்றி மாட்டச் சுலபமான செருப்போடு மாட வீதி வரைக்குமாவது போய் வாருங்கள். தேதியை மாற்ற முடியும் என்றால் ஜனவரிக்கு மாற்றுங்கள், மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, இசை விழாவின் கடைசிப் பகுதியும் மார்கழிக் கோலமும் மாத நடு வரைக்கும் கிடைக்கும். மே மாதம் போகிறவர்கள் மட்டும் ஐந்தரைக்கு முன்னால் வெளியே தலை காட்டாதீர்கள்.

கே: கோயிலுக்குள் போகும்போது செருப்பை எங்கே விடுவது? போன முறை தொலைத்துவிட்டேன்.
– ஷா ஆலம் வாசகர்

ப: வாசலில் காலணிப் பாதுகாப்பு இடம் இருக்கும், டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கு வாசலில் விட்டுவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக வெளியே வராதீர்கள், அவ்வளவுதான்.